புழுத்தட்டின் மேல் ஒரு கேமரா
விலங்கு நடத்தை ஆய்வில் அசைவறியும் மென்பொருள்

ஆரணிப் பட்டுப்புடவையில் வரும் மயிலும் மாங்காயும் முதலில் கட்டத்தாளில்தான் பிறக்கின்றன. டிசைன் போடுபவர் உருவத்தை வரைந்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் ஜரிகை தெரிய வேண்டும், எது வெறுமையாக இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள்கிறார். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை அடிக்கிறார்கள். அட்டை ஜக்கார்டு பெட்டியில் ஏறியதும், துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழுகிறது. இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கிறது. நாடா குறுக்கே ஓடுகிறது. வரிவரியாக மயில் துணியில் இறங்குகிறது. ஆரணியிலும், பக்கத்திலுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில் இது அன்றாடக் காட்சி.

டிஜிட்டல் கேமராவும் உலகத்தைக் கட்டத்தாளாகத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. கறுப்பு வெள்ளைப் படமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. வீடியோ என்பது இத்தகைய தாள்களின் அடுக்கு. நம் ஊரில் வழக்கமான கேமரா நொடிக்கு 25 தாள்கள் எடுக்கும். அடுத்தடுத்த இரண்டு தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கட்டத்துக்குக் கட்டம் கழித்துப் பார்த்தால், மாறாத இடமெல்லாம் பூச்சியமாகிவிடும். எண் மாறிய கட்டங்கள் மட்டும் மிஞ்சும். அங்கே ஏதோ அசைந்திருக்கிறது. அசைவறியும் மென்பொருளின் அடிப்படை இவ்வளவுதான்.

வீட்டு வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமராவில் இரவு நாய் நடந்தால் செல்போனுக்குச் செய்தி வருவதும் இதனால்தான். இதே கணக்கை இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் எலி, மீன், ஈ, குளவி, மான் என்று பல உயிர்களின் நடத்தையை அளக்கப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கருவி விலங்கைப் பற்றி நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல அதனால் முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பட்டு நெய்யும் ஊரிலிருந்து இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. தறியில் ஓடும் ஒவ்வொரு இழையும் ஒரு விலங்கின் அசைவிலிருந்து வந்தது. பட்டுப்புழு தலையை 8 என்ற எண்ணின் வடிவில் திரும்பத் திரும்ப ஆட்டி, இரண்டு மூன்று நாள் விடாமல் நூற்றதே அந்த இழை. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை அறுபடாமல் இருக்கும்.

கழித்தலுக்குப் பிறகு

கழித்தால் மட்டும் போதாது. கேமராவின் உணரியிலேயே சிறு சலசலப்பு உண்டு. எதுவும் அசையாதபோதும் படப்புள்ளிகளின் எண் ஒன்றிரண்டு கூடிக் குறையும். அதனால் மென்பொருளுக்கு ஓர் எல்லை அளவு கொடுக்க வேண்டும். வித்தியாசம் இந்த அளவைத் தாண்டினால் மட்டுமே அசைவு என்று கொள்ள வேண்டும். எல்லையைத் தாண்டிய புள்ளிகள் ஒட்டிக்கொண்டு கூட்டமாக இருந்தால், அந்தத் திட்டை ஒரு விலங்கு என்று எடுத்துக்கொண்டு அதன் நடுப்புள்ளியைக் கணக்கிடுகிறது. நடுப்புள்ளிகளைக் காலவரிசையில் கோத்தால் விலங்கு போன பாதை கிடைக்கும். படத்துக்குள் ஓர் அளவுகோலை வைத்திருந்தால் பாதையின் நீளம் மில்லிமீட்டரில் தெரியும். நேரத்தால் வகுத்தால் வேகம்.

இதில் எல்லை அளவை நிர்ணயிப்பவர் மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது. எல்லையைத் தாழ்த்தினால் மின்விசிறிக் காற்றில் ஆடும் இலையும் விலங்காகிவிடும். உயர்த்தினால் மெல்ல நகரும் உயிர் காணாமல் போய்விடும். நம் ஊர்க் குழல்விளக்குகளில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் பழைய சோக் வைத்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் கேமராவில் பட்டைபட்டையாக ஓடி, அறை முழுவதும் அசைவதாகக் காட்டலாம்.

பட்டுப்புழுவை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 சென்டிமீட்டர் அகலமுள்ள புழுத்தட்டை, குறுக்கே 1,920 புள்ளிகள் கொண்ட கேமரா முழுமையாகப் பிடிக்கிறது என்றால், ஒரு புள்ளி கால் மில்லிமீட்டருக்குச் சமம். புழு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 படம் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே புழு நகர்வது 0.04 மில்லிமீட்டர்தான். ஒரு கட்டத்தைக் கடக்கவே அதற்கு 6 படங்கள் ஆகும். அடுத்தடுத்த படங்களைக் கழித்தால் பெரும்பாலும் பூச்சியமே வரும். தட்டில் உயிரே இல்லை என்று மென்பொருள் சொல்லிவிடும். நாய்க்கும் திருடனுக்கும் அமைத்த மென்பொருள் புழுவுக்கு உதவாமல் போவது இதனால்தான். புழுவைப் பார்க்க நினைப்பவர் சில நொடி இடைவெளி விட்ட படங்களை ஒப்பிட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நொடிக்கு ஒரே படம் எடுத்தால், புழுப்பருவம் முழுவதற்குமான 25 நாளுக்கு 21,60,000 படங்கள் போதும். நொடிக்கு 25 என்றால் ஒரே நாளில் அத்தனை படங்கள் சேர்ந்துவிடும்.

தட்டிவிடும் கம்பியிலிருந்து

விலங்கின் அசைவே விலங்கைப் பதிவுசெய்யட்டும் என்ற யோசனை இந்தியக் காட்டுக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, புலி அதைத் தட்டியதும் விளக்கு மின்னிப் படம் விழும்படி செய்தார். அந்தப் படங்களோடு அவர் எழுதிய புத்தகம் 1927இல் வெளிவந்தது. துப்பாக்கியோடு காட்டுக்குள் போவதே பெருமையாக இருந்த காலத்தில் அவர் கேமராவோடு போனார். 1990களில் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களில் பதிவான புலிகளை அவற்றின் வரிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளம் கண்டு, புள்ளியியல் முறையில் எண்ணிக்கையை மதிப்பிட்டார். கால் தடத்தை நம்பிச் செய்துவந்த கணக்கெடுப்பு அதன் பின் மாறியது.

2018-19இல் நடந்த அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. வெப்பத்தோடு கூடிய அசைவு எதிரே வந்ததும் இயங்கும் கேமராக்கள் அவை. சேர்ந்த படங்கள் 3,48,58,623. அவற்றில் புலி இருந்தவை 76,651; சிறுத்தை இருந்தவை 51,777. அதாவது ஆயிரம் படத்துக்கு ஏறக்குறைய இரண்டில்தான் புலி. மற்றவற்றில் மானும் மாடும் மனிதரும் பிற உயிர்களும். அசைவை மட்டும் அறியும் கருவி இப்படித்தான் அள்ளிக் குவிக்கும். அந்தக் குவியலை விலங்கினம் வாரியாகப் பிரிக்கவே தனி மென்பொருள் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விலங்கு இருக்கிறதா என்று அறிவது ஒன்று. அது என்ன செய்கிறது என்று அறிவது மற்றொன்று. கோயம்புத்தூரை அடுத்த நவக்கரை அருகே 2021 நவம்பர் 26 இரவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. பிறகு அந்த மதுக்கரைப் பகுதி ரயில் பாதையோரம் வெப்பக் கேமராவும் சாதாரணக் கேமராவும் பொருத்திய கோபுரங்களை வனத்துறை நிறுவி, 2024இல் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்தது. யானை பாதையை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகும். அங்கே யானை ஏன் வந்தது, கூட்டத்துக்குத் தலைமை எது என்ற கேள்விகளுக்கு நேரமில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும், உயிர் பிழைக்கும். அந்த வேலைக்கு அசைவறியும் கருவி மிகப் பொருத்தமானது.

நடத்தை ஆய்வாளரின் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. கேமரா கணினியோடு இணைவதற்கு முன்பே தமிழ்நாட்டில் இத்துறையில் முன்னோடி வேலை நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவரது மாணவர்களும் உயிர்களுக்குள் ஓடும் நாள் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். பக்கத்திலிருந்த சமணர் மலைக் குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்கள் அவர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. பகலும் இரவும் ஒரேபோல் இருட்டாக இருக்கும் குகையின் ஆழத்தில் தொங்கும் வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. மற்ற வௌவால்கள் வந்துபோகும் குகையில், கூண்டில் அடைத்துத் தனியே வைத்த வௌவால், கூட்டத்தின் புறப்பாட்டோடு ஒத்தே பறக்கத் தொடங்கியது. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடியது. சுறுசுறுப்பாகும் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. சூரியனைப் பார்க்காத வௌவால் உறவுகளை வைத்துப் பொழுதறிகிறது.

இந்த ஆய்வில் பதிவானது வெறும் அசைவுதான்: வௌவால் பறந்ததா, இல்லையா, எத்தனை மணிக்கு. ஆனால் அந்த அசைவுக்குப் பொருள் கொடுத்தது கேள்வியின் வடிவம். இரண்டு குகைகளை ஒப்பிட வேண்டும் என்ற யோசனை எந்தக் கருவிக்குள்ளும் இருந்து வந்ததல்ல.

புழுவின் மூன்று அசைவுகள்

இப்போது தட்டுக்கு வருவோம். பட்டுப்புழு முட்டைகள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் பொரிக்கும். அதற்கும் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதனால்தான் முட்டைக்குள் புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரிய ஆரம்பித்ததும் முட்டை அட்டைகளைக் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்துவிட்டு, பொரிக்கும் நாள் காலையில் வெளிச்சத்தில் எடுக்கிறார்கள். முந்திக்கொள்ளப் பார்த்த புழுவும் பிந்திய புழுவும் ஒரே காலையில் வெளிவந்துவிடும். உயிரியல் கடிகாரம் என்ற சொல்லைக் கேட்டறியாதவர்களும் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொரித்த புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. தின்னும் இலையில் பெரும்பங்கு கடைசிப் பருவத்துக்குப் போய்விடும்; அப்போது தட்டருகே நின்றால் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்கும். இந்த 25 நாள் வாழ்வில் வளர்ப்பவர் கூர்ந்து பார்ப்பவை மூன்று.

முதலாவது, அசையாமை. தோலுரிப்பு நெருங்கும்போது புழு இலையை விட்டுவிட்டு, தலையை உயர்த்தியபடி ஒரே இடத்தில் நிற்கும். ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே இருக்கும். அப்போது இலை போடுவதை நிறுத்தி, சுண்ணாம்புத் தூள் தூவி, தட்டை உலர்வாக வைக்க வேண்டும். பெரும்பாலான புழுக்கள் தோலுரித்து எழுந்த பிறகே மறுபடி இலை. அவசரப்பட்டு முன்பே போட்டால் முதலில் எழுந்தவை தின்று முந்திக்கொள்ளும். தட்டில் ஏற்றத்தாழ்வு வந்துவிடும். அது கூடு கட்டும் நாள்வரை சரியாகாது. அசைவறியும் மென்பொருளின் கணக்கில் இந்த ஒரு நாள் வெறும் பூச்சியம். வளர்ப்பவருக்கோ இதுதான் மிக முக்கியமான நாள். இறந்த புழுவும் அசையாது, தோலுரிக்கும் புழுவும் அசையாது. உயர்ந்து நிற்கும் தலைதான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

இரண்டாவது, முதிர்ந்த புழுவின் அலைச்சல். கடைசிப் பருவத்தின் முடிவில் புழு தின்பதை நிறுத்துகிறது. உடல் சற்றுச் சுருங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிகிறது. தலையைத் தூக்கித் துழாவியபடி தட்டின் ஓரத்துக்கு ஊர்கிறது. கூடு கட்ட இடம் தேடுகிறது என்று அர்த்தம். உடனே பொறுக்கி, கூடு கட்டுவதற்கான தட்டியாகிய சந்திரிகையில் விட வேண்டும். தாமதித்தால் இலைக் குப்பையிலேயே நூற்க ஆரம்பித்துவிடும்; அந்த இழை வீண்.

மூன்றாவது, நோயின் அலைச்சல். பால்புழு நோய் என்று சொல்லும் வைரஸ் நோய் கண்ட புழுவும் தட்டின் ஓரமாக ஓயாமல் ஊரும். அதன் கணுக்கள் வீங்கியிருக்கும், தோல் பளபளக்கும், லேசாகக் காயப்பட்டாலும் பால் போன்ற நீர் கசியும். அந்த நீரில் இருப்பது நோய்க்கிருமி. புழு ஊர்ந்த வழியெல்லாம் அது சிந்தி, மற்ற புழுக்கள் தின்னும் இலையில் படுகிறது.

இந்த அலைச்சலுக்குக் காரணம் நெடுங்காலம் தெரியாமலிருந்தது. 2005இல் ஷிசுவோ ஜார்ஜ் காமிட்டாவும் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அதைத் தொட்டது. பட்டுப்புழுவைத் தாக்கும் அந்த வைரஸிலிருந்து ஒரே ஒரு மரபணுவை நீக்கிவிட்டுப் புழுக்களுக்குத் தொற்ற வைத்தார்கள். இயல்பான வைரஸ் தொற்றிய புழுக்களிடம் காணப்பட்ட மிகையான அலைச்சல் இவற்றிடம் இல்லை. வெளிச்சம் அந்த அலைச்சலைத் தூண்டுகிறது என்றும் கண்டார்கள். தான் பரவுவதற்கு ஏற்றபடி வைரஸ் புழுவின் நடையையே மாற்றுகிறது என்ற கருத்துக்கு இது வலுவான சான்று. இத்தகைய முடிவுக்கு வர, எத்தனை புழுக்கள், எந்நேரத்தில், எவ்வளவு ஊர்ந்தன என்ற அளவு தேவை. தட்டைப் பார்த்து ‘ரொம்ப அலையுது’ என்று சொல்வது விஞ்ஞானத்தில் சான்றாகாது. நொடி தவறாமல், களைப்பில்லாமல், பாரபட்சமில்லாமல் அளப்பதில்தான் கேமராவின் பெருமை இருக்கிறது. நூறு புழுக்களை நான்கு இரவும் நான்கு பகலும் இமைக்காமல் பார்க்க மனிதரால் முடியாது. இருட்டில் பார்க்க வேண்டுமென்றாலும் வழி உண்டு; பூச்சிகளின் கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு விளக்கைப் போட்டால் கேமரா மட்டும் பார்க்கும்.

ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் புழு தட்டின் ஓரத்துக்கு ஊர்கிறது. இரண்டிலும் வழக்கத்தைவிட அதிகம் நகர்கிறது. நடுப்புள்ளியின் பாதையை மட்டும் வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஒன்று விளைச்சல், மற்றொன்று சாவு. ஒன்றைச் சந்திரிகையில் ஏற்ற வேண்டும். மற்றொன்றை உடனே பொறுக்கி அழிக்க வேண்டும். வளர்ப்பவர் இதைப் பாதையைப் பார்த்துப் பிரிப்பதில்லை. உடலின் தெளிவையும் வீக்கத்தையும், புழுவின் வயதையும், இலையைத் தொட்டதா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார். அசைவு ஒரு சொல் என்றால், நடத்தை அந்தச் சொல் இடம்பெறும் வாக்கியம்.

ஓடி ஆடாத ராணி

அசைவு மட்டுமே நடத்தையாகாது என்பதற்கு இந்தியாவில் கிடைத்த மிகச் சிறந்த சான்று பட்டுப்புழுவில் இல்லை, குளவியில் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகளாக ஆராய்ந்த ‘ரோபாலிடியா மார்ஜினேட்டா’ என்ற குளவி தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படுவது. காகிதம் போன்ற பொருளால் சிறு கூடு கட்டும். கடக்கரும் என். வி. ஜோஷியும் ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டு வைத்து, அது எந்தெந்த வேலையில் எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்தார்கள். 1983இல் வெளியான அந்த ஆய்வு, கூட்டுவாசிகளை மூன்று வகையாகப் பிரித்தது: பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவை, சண்டையிடுபவை, இரை தேடப் போகிறவை.

கூட்டில் முட்டையிடும் ராணி இவற்றில் எது? பல குளவியினங்களில் ராணி மற்றவற்றை அதட்டி அடக்கி ஆள்வதுண்டு. இந்த இனத்தின் ராணியோ உட்கார்ந்திருக்கும் வகை. சாதுவாக, யாரோடும் மோதாமல் இருக்கிறது. அதன் ஆட்சி பெரும்பாலும் வேதிப்பொருள் வழியாக நடக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இந்தக் கூட்டின் மேல் ஓர் அசைவறியும் மென்பொருளை வைத்து, அதிகம் அசைவதே முக்கியமானது என்று வரிசைப்படுத்தினால், கூட்டின் தலைவி பட்டியலின் அடியில் கிடப்பாள்.

இது மென்பொருளுக்கு எதிரான வாதமாக நின்றுவிடவில்லை என்பதுதான் இக்கதையின் அழகு. அதே இந்திய அறிவியல் கழகத்தில் விஷ்வேஷ குத்தலின் குழுவினர் இந்தக் குளவிக் கூட்டின் வீடியோக்களையும், ட்ரோனில் இருந்து எடுத்த வெளிமான் மந்தைகளின் வீடியோக்களையும் வைத்து ‘மோத்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். ஆகாங்ஷா ராத்தோரும் மற்றவர்களும் எழுதிய அதன் ஆய்வுக் கட்டுரை 2023இல் வெளிவந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற வகையில் அதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் நாம் மேலே பார்த்ததுதான். குளவிகள் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கழித்தால் காணாமல் போய்விடும். ட்ரோன் காற்றில் ஆடும், புல் அசையும். கழித்தால் தரை முழுவதும் விலங்காகிவிடும். ஆகவே அசைவை நம்பாமல், முதலில் நிறத்தின் அடிப்படையில் சந்தேகத்துக்குரிய இடங்களைத் தேர்ந்து, பிறகு அது விலங்கா இல்லையா என்று படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த இயந்திரக் கற்றல் நிரலிடம் கேட்கிறார்கள். அசையாத உயிரும் உயிர்தான் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

உலகளவிலும் போக்கு இதுதான். 2014இல் ஸ்பெயினில் உருவான ‘ஐடி டிராக்கர்’, இரண்டு மீன்கள் குறுக்கே கடந்து பிரிந்த பிறகு எது எது என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொன்றின் தோற்றத்தையும் கைரேகைபோல் வைத்துக்கொண்டது. 2018இல் வந்த ‘டீப்லேப்கட்’, விலங்கின் மூக்கு, காது, கால், வால் என்று உறுப்புகளைத் தனித்தனியே பின்தொடர்கிறது. அதற்கு மனிதர் கையால் குறித்துக் கொடுத்த சுமார் 200 படங்களே போதுமானதாக இருந்தன. புழுவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் அருமை புரியும். நடுப்புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாத மென்பொருளுக்கு, தோலுரிக்கும் புழுவும் செத்த புழுவும் ஒன்று. தலையும் வாலும் தனித்தனியே தெரிந்த மென்பொருளால் உயர்ந்து நிற்கும் தலையை அறிய முடியும். ஆனால் அந்த 200 படங்களில் தலை எது என்று குறித்துக் கொடுக்கும் கை, புழுவை அறிந்த கையாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இந்த வேலை பெரிய ஆய்வகங்களுக்கு மட்டும் உரியது என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. விலங்கியல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவியிடம் ஒரு பழைய செல்போன், அசையாத ஒரு தாங்கி, மினுக்காத ஓர் எல்இடி விளக்கு இருந்தால் தொடங்கலாம். மென்பொருள்கள் பல இலவசம். தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும். வெளிச்ச அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மேகம் கடக்கும்போதெல்லாம் தட்டு முழுவதும் அசைந்ததாகப் பதிவாகும். இலை போட்ட நேரம், குப்பை எடுத்த நேரம், மின்சாரம் போன நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். புழு தின்னும் இலையின் ஓரம் குறைந்துகொண்டே வருவதும் மாற்றம்தான் என்பதால், புழுவின் அசைவையும் இலையின் தேய்வையும் மென்பொருள் குழப்பிக்கொள்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேமராவை மாட்டுவதற்கு முன் சில நாள் தட்டருகே உட்கார்ந்து பார்த்து, புழு செய்வதையெல்லாம் பட்டியலிட வேண்டும்: தின்கிறது, ஊர்கிறது, தலையைத் தூக்கி நிற்கிறது, தலையை ஆட்டித் துழாவுகிறது, நூற்கிறது. ஒவ்வொன்றுக்கும் எல்லை எது என்று வரையறுக்க வேண்டும். 1974இல் ஜீன் ஆல்ட்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பார்க்கும் முறையை முன்கூட்டி வகுக்காமல் பார்ப்பவர் கண்ணைக் கவர்வதையே அதிகம் பதிவுசெய்துவிடுவார் என்று எச்சரித்தது. மென்பொருளுக்கும் இந்தச் சார்பு உண்டு; அதன் கண்ணைக் கவர்வது அசைவு. பட்டியல் தயாரானதும் ஒரே பத்து நிமிடப் பதிவை இருவர் தனித்தனியே பார்த்துக் குறிக்க வேண்டும். அவர்களுக்குள் ஒற்றுமை வந்த பிறகே மென்பொருளின் விடையை அவர்களுடையதோடு ஒப்பிடலாம். மனிதர் இருவர் ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரம் சொல்வதை ஏற்பதில் நியாயமில்லை.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க மாணவி முதலில் போக வேண்டிய இடம், புழு வளர்க்கும் குடும்பம். வளர்ப்பு மனையில் இலை போடுவதும் நோய்ப் புழுவைப் பொறுக்குவதும் முதிர்ந்த புழுவைச் சந்திரிகையில் விடுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஊரும் அடுக்கில் ஒரு நோய்ப் புழுவை ஒரே பார்வையில் கண்டெடுக்கும் அவர்களுடைய திறமை, எந்த மென்பொருளும் இன்று கற்றுக்கொள்ள ஏங்கும் திறமை. அது பெரும்பாலும் எழுத்தில் பதிவாகவில்லை. அவர்களோடு தொடங்கி அவர்களோடு முடிந்துவிடும் நிலையில் இருக்கிறது. இயந்திரத்தைப் பயிற்றுவிக்கப் படங்களில் குறியிடும் வேலைக்கு அவர்களை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, ஆய்வில் அவர்கள் பெயரையும் சேர்ப்பதே முறை.

ஆரணியின் தறிகளில் ஏறும் பட்டு நூல் பல ஊர்களைக் கடந்து வருகிறது. நெய்பவர் பெரும்பாலும் புழுவைப் பார்ப்பதில்லை, வளர்ப்பவர் புடவையைப் பார்ப்பதில்லை. ஆனால் இருவரும் செய்வது ஒரே வகைப் பார்வை. அறுந்த இழையைத் துணி கெடுவதற்கு முன் நெசவாளியின் கண் பிடிக்கிறது. நோயைத் தட்டு கெடுவதற்கு முன் வளர்ப்பவரின் கண் பிடிக்கிறது. கேமராவை வரவேற்போம்; அது நம் கண்ணுக்கு எட்டாத இரவுகளையும் எண்ணிக்கைகளையும் எட்டிப் பிடிக்கும். அது கொடுக்கும் எண்களை நடத்தை என்று எழுதுவதற்கு முன், அந்த உயிரோடு வாழ்ந்தவர்களிடம் போய்க் கேட்போம். ஆய்வு மாணவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: முதலில் தட்டருகே உட்காருங்கள், பிறகு கேமராவை மாட்டுங்கள்.